புதுக் கிரீஸ்

ஜூன் 2

உக்கடத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி, கமருதீன் பாயின் பழைய இரும்புக் கிடங்குக்குள் நுழையும்போதே, அங்கே இரும்பு உடைக்கிற பேச்சி சம்மட்டியைத் தூக்கிவிட்டாள். அவள் காலடியில் ஒரு டிரில்லிங் மெஷின் கிடந்தது.

"கை வெக்காதடி!" என்று கேட்டிலிருந்தே கத்தினேன்.

அவளுக்கு மெஷின் என்றால் மூன்று குவியல். தலைப்பகுதி அலுமினியத்துக்கு, பல்சக்கரம் இரும்புக்கு. உள்ளே சுற்றும் ஆர்மேச்சரை உளியால் பிளந்து கம்பியை உருவினால் செம்புக்கு. ஒரு வாய் வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் வேலையை முடித்துவிடுவாள்.

"வந்துட்டாகய்யா டாக்டரம்மா," என்றாள். அவள் மதுரைப் பக்கம். "பொணத்தக்கூட எரிக்க விடமாட்டீக போல."

"பொணமா இல்லியான்னு நாந்தான் சொல்லோணும்."

வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். சுவிட்சில் ஒரு ஒயர் கழன்றிருந்தது. அவ்வளவுதான். மாட்டி மூடி பிளக்கைச் செருகினேன், சுற்றியது. இதன் உடம்பில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, 'தேறாது' என்று எழுதி எறிந்திருக்கிறார்கள். எறிந்தது வேறு யாருமில்லை, என் தம்பி சென்னியப்பனின் சர்வீஸ் சென்டர். பழைய மெஷினைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் பேனர் கட்டியிருக்கிறான். பழையது தேறாது என்றால்தானே புதுசு விற்கும்? கழித்துப்போட்டதெல்லாம் பாயின் கிடங்குக்கு வரும்.

ஒரு மேசையும் ஒரு பல்பும் மட்டும் இருந்த நாளில் அந்தக் கடையில் முதல் ஆர்மேச்சருக்குக் கம்பி சுற்றியவள் நான். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எரிந்துபோனவற்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, கம்பி எங்கே நுழைந்து எங்கே வெளிவருகிறது என்று விரலில் ஏற்றிக்கொண்டேன். போன சித்திரையில் சென்னியப்பன் வந்து, "கம்பெனிக்காரங்க சொல்லிட்டாங்கக்கா, இனி சர்டிஃபிகேட் வெச்சிருக்கறவங்கதான் மெஷினைத் தொறக்கோணுமாம். நீ ஓய்வா இரு," என்றான். மறுநாள் என் மேசையில் கம்ப்யூட்டர் இருந்தது.

அன்றைக்கே சொல்லிவிட்டேன். "நீ தேறாதுன்னு எறியறதையெல்லாம் ஓட்டிக் காட்டறேன். 'அக்கா, நீ சொன்னதுதான் சரி'ன்னு நீ வந்து சொல்ற வரைக்கும் உன்ற வாசப்படி மிதிக்கமாட்டேன்."

இன்னும் வரவில்லை. வருவான்.

ஜூன் 4

மார்பிள் கட்டர். உள்ளே உரசும் கார்பன் கட்டை தேய்ந்திருந்தது, மாற்றினேன், ஓடியது. 'தேறாது' ஸ்டிக்கரை உரித்துச் சுவரில் ஒட்டிவைத்தேன். சுவரில் ஒரு பக்கம் சிவப்பாகிவிட்டது.

ஜூன் 5

ரேஷன் கடையில் பருப்பு வரவில்லை. நின்றதுதான் மிச்சம்.

இரும்பும் கல்லும் அறுக்கிற கை கிரைண்டர் ஒன்று. ஒயர் பிளக்குக்குள்ளேயே அறுந்திருந்தது. பிளக்கைத் திறந்து பார்க்கக்கூடத் தெரியாதவனுக்கெல்லாம் சர்டிஃபிகேட் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 11

டைல்ஸ் வேலை செய்யும் செல்லாண்டி வந்தார். என்னிடம் மெஷின் வாங்குகிறவர்களில் நியாயமான மனிதர்.

"ஏனுங்மா, போன தடவை குடுத்த கட்டிங் மெஷினு தங்கமுங்க. புதுசு வாங்குன பசங்களுதெல்லாம் முக்கி மொனகுது. இது பாட்டுக்குக் கத்திக்கிட்டு ஓடுது."

"கத்துச்சுன்னா பேரிங் போயிருக்கும். கொண்டாங்க பாக்கறேன்."

"அட, பேச்சுக்குச் சொன்னேனுங்க! ஒரு வார்த்தை பெருமையாப் பேச வுடமாட்டீங்களே."

கிரைண்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, "உங்க தம்பி கடையில இதே மெஷினைத் தேறாதுன்னு சொல்லிப்போட்டாங்கன்னா நம்பவே முடியலீங்க," என்றார். இதைச் சென்னியப்பன் காதில் விழும்படி போய்ச் சொல்லுங்கள் என்றேன். சிரித்தார். சிரிக்கிறவர்கள் எதையும் போய்ச் சொல்வதில்லை.

ஜூன் 15

அறையில் வெளிச்சம் போதவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால், பல்பு புதுசுதானே என்கிறார். பெரிய பல்பாக வாங்கி மாட்டினேன். அதுவும் மங்கல். இப்போது செய்கிற பல்புகளே இப்படித்தான்.

பஸ் போர்டுகளிலும் எழுத்தை யாருக்காக எழுதுகிறார்களோ தெரியவில்லை. செல்வபுரம் வர வேண்டியவள் போத்தனூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கண்டக்டர், "கண்ணு தெரியலீங்களா பாட்டி?" என்றான். "உன்ற போர்டுதான் தெரியலை," என்றேன். பஸ்ஸே சிரித்தது. அவனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

ஜூன் 20

நல்ல நாள். பாய் எனக்கென்று ஒரு மூட்டையைத் தனியாகக் கட்டி, ஓரமாக வைத்திருந்தார். இனி நான் குவியலில் ஏறி இறங்க வேண்டாமாம். என் தம்பி கடையிலிருந்து வருவதை வந்தவுடன் தனியாக எடுத்து வைத்துவிடுவாராம். வேலை தெரிந்தவளுக்கு உரிய மரியாதை இதுதான். ஒரே தாயின் வயிற்றில் பிறந்தவனுக்கு இல்லாத மரியாதை, இரும்பு வியாபாரிக்கு இருக்கிறது.

பேச்சிக்குப் பொறுக்கவில்லை. "என்னக்கா, பொறந்த வீட்டுச் சீர் மாதிரி மூட்ட கட்டி வந்திருக்கு. தேங்கா பழந்தான் இல்ல."

"நீ மூணு குவியல் போடற வேலையைப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒங்க மூட்டய மட்டும் தொடக்கூடாதுன்னு பாய் வஞ்சுப்புட்டாரே."

பாய் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் வெற்றிலையைத் துப்பப் போய்விட்டாள்.

மூட்டையில் இருந்ததெல்லாம் சில்லறைக் கோளாறு. சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லாவற்றையும் ஓட்டிவிட்டேன்.

ஜூன் 27

என் மூட்டை, என் மேசை, என் மெஷின்கள். ஓடுகின்றன. அவனுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். மானமுள்ளவனாக இருந்தால் இந்நேரம் வந்திருப்பான்.

ஜூலை 1

பாலக்காட்டுக் காற்றோடு காலையிலிருந்து சாரல். வெளியே போக முடியவில்லை.

ஓடுகிற மெஷினின் கியர் பாக்ஸை நான் திறப்பதில்லை. கோளாறு இருக்கும் இடத்தை மட்டும் திறக்க வேண்டும் என்பது என் வழக்கம். இன்று சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், போன மூட்டையில் வந்த கிரைண்டர் ஒன்றின் தலையைக் கழற்றினேன். தேறாது என்று எறிந்த மெஷின். உள்ளே கிரீஸ் கரி பிடித்து, களிமண் போலக் காய்ந்து கிடக்க வேண்டும்.

புதுக் கிரீஸ். விரல் வழவழவென்று உள்ளே போயிற்று. வாசமும் புதுசு.

ஆர்மேச்சரை வெளியே இழுத்தேன். கார்பன் உரசுகிற செம்புப் பகுதியை விரலால் தடவினேன். இந்த மெஷினில் கார்பன் அடிவரை தேய்ந்திருந்தது, நான்தான் மாற்றினேன். கார்பன் அவ்வளவு தேய்ந்திருந்தால் செம்பில் அது ஓடிய தடம் பள்ளமாக இருக்க வேண்டும். தடமே இல்லை. கண்ணாடிபோல இருக்கிறது.

கடைப் பையன்கள் எதையோ எதிலோ மாற்றிப் போட்டிருப்பார்கள். அந்தக் கடையில் இப்போது ஒழுங்கு கிடையாது.

ஜூலை 2

அலமாரியில் இருந்த மற்ற கிரைண்டர்களையும் மார்பிள் கட்டரையும் திறந்தேன். எல்லாவற்றிலும் அதே புதுக் கிரீஸ்.

துணி துவைத்தேன். காயவில்லை.

ஜூலை 4

சாரல் நின்றுவிட்டது. எனக்கு வெளியே போகப் பிடிக்கவில்லை.

கியர் பாக்ஸைத் திறந்தால் கிரீஸ் வைக்காமல் மூடக் கூடாது என்பது எங்கள் கடையில் சட்டம். நான் போட்ட சட்டம்தான். சென்னியப்பன் ஸ்பூனால் வைக்கமாட்டான். சுட்டுவிரலால் எடுத்துப் பல்லுக்குப் பல் தடவிவிட்டு, விரலைக் கால்சட்டையின் பின்பக்கம் துடைப்பான். அதற்காக அம்மாவிடம் எத்தனையோ முறை அடி வாங்கியிருக்கிறான்.

எறியப்போகிற மெஷினுக்கு எவன் கிரீஸ் வைப்பான்?

எரிந்த ஆர்மேச்சரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டிருக்கிறான். பேரிங் மாற்றியிருக்கிறான். பிறகு, குப்பை டப்பாவிலிருந்து தேய்ந்த கார்பனைப் பொறுக்கிச் செருகியிருக்கிறான், நான் கண்டுபிடிப்பதற்காக. மூடும்போது கை தானாகக் கிரீஸ் டப்பாவுக்குப் போயிருக்கிறது. தேறாது என்ற ஸ்டிக்கரை அதற்குப் பிறகு ஒட்டியிருக்கிறான்.

சுவரில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கர்களை எல்லாம் உரித்தேன். கூடவே சுண்ணாம்பும் வந்துவிட்டது. வீட்டுக்காரர் கத்துவார்.

ஜூலை 5

கிடங்குக்குப் போனேன். என் மூட்டை ஓரத்தில் கட்டியபடி இருந்தது. அதைத் தாண்டி, உடைப்பதற்காகக் கொட்டியிருந்த குவியலில் ஏறினேன். எந்த ஊர்ச் சரக்கு என்று தெரியாத குவியல். ஒரு கிரைண்டரை எடுத்தேன். வாய்ப் பக்கம் கருகி, மூக்கில் வைத்தால் எரிந்த வார்னிஷ் நெடி அடித்தது. இதுதான் பிணம்.

பாய் ஓடி வந்தார். "அக்கா, அது வேணாம்க்கா. சுத்தமா எரிஞ்சது. உங்க மூட்டை அங்க இருக்கு பாருங்க."

"என்ற மூட்டைன்னு யாரு சொன்னது பாய்?"

அவர் தாடியைத் தடவினார். "வழக்கமா எடுக்கறதுதானேக்கா."

"இன்னிக்கு வழக்கத்தை மாத்திக்கறேன்."

பேச்சி சம்மட்டியின் மேல் சாய்ந்துகொண்டு, "குடுத்ததக் கொண்டுக்கிட்டுப் போகாம, கெட்டதத் தேடி எடுக்கிறீக," என்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. கிடங்கில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் மரியாதை நடந்திருக்கிறது.

இந்தப் பிணத்தை என் கையால் சுற்றி ஓட்டுவேன். ஓட்டிக் கொண்டுபோய் அவன் மேசையில், அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைப்பேன். என் வேலை என்னிடம் இருக்கிறதா இல்லையா என்று அப்போது தெரியட்டும்.

ஜூலை 6

எரிந்த கம்பியை உருவினேன். ஆர்மேச்சரின் பள்ளங்களைச் சுரண்டி, கரன்ட் கசியாமலிருக்கப் புதுப் பேப்பர் வைத்தேன். முதுகு வலி.

ஜூலை 8

கம்பி அறுந்துகொண்டே இருக்கிறது. தலைமயிர் கனம்தான். ஆனால் அந்தக் காலத்தில் இதே கனத்தில் சுற்றும்போது அறுந்ததில்லை. இப்போது கம்பிமேல் பூசுகிற எனாமல் சரியில்லை.

ஒரு வேளைதான் சமைத்தேன்.

ஜூலை 9

கம்பியின் முனையை அதற்குரிய பள்ளத்தில் விட வேண்டும். பக்கத்துப் பள்ளத்தில் போய்விட்டால் எல்லாம் பாழ். முனையை விரல் நகத்தால் தடவித் தடவி விட்டேன். கண்ணால் பார்த்துச் சுற்றுகிறவன் பாதி வேலைக்காரன். விரலால் சுற்ற வேண்டும்.

ஜூலை 11

சுற்றி முடித்துவிட்டேன். வார்னிஷ் போடுவதற்கு முன் சீரிஸ் லைட்டில் வைத்துப் பார்த்தேன். கம்பிக்கும் ஆர்மேச்சர் உடம்புக்கும் நடுவே பல்பைக் கோர்த்துக் கரன்ட் விட்டால், பல்பு எரியக் கூடாது. எரிந்தால் எங்கோ கம்பி உடம்பைத் தொடுகிறது என்று அர்த்தம்.

எரியவில்லை. ரொம்ப மங்கலாக என்னவோ தெரிந்தது. ஜன்னல் வெயில் கண்ணாடியில் பட்டிருக்கும்.

ஜூலை 13

ஓடியது.

மெஷினை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன், சீறிக்கொண்டு சுற்றியது. புதுக் கிரீஸ் நான் வைத்தது. கம்பி நான் சுற்றியது. வெளியே போய், காரணமில்லாமல் தெருக்கோடிவரை நடந்துவிட்டு வந்தேன். டீக்கடையில் வடை தின்றேன்.

செல்லாண்டி அவசரமாக ஒரு மெஷின் வேண்டும் என்று வந்தார். அலமாரியில் இருப்பதைக் கை காட்டினார். "அதையெல்லாம் வுடுங்க. இதை எடுத்துட்டுப் போங்க. வேலையில போட்டு ஓட்டுங்க, அப்புறம் நான் ஒரு எடத்துக்குக் கொண்டுபோகோணும்," என்றேன்.

ஜூலை 16

செல்லாண்டி வாசலிலேயே நின்றார். முழங்கையில் கட்டு. மெஷினைக் கீழே வைத்துவிட்டு, அதிலிருந்து தள்ளி நின்றுகொண்டார்.

"ஈரத் தரையில குத்தவெச்சு ஓரம் அறுத்துட்டிருந்தேனுங்க. பொடக்குனு கரன்டு கையப் புடிச்சு இழுத்துப்போட்டுதுங்க. வுடவே மாட்டேங்குது. பக்கத்துல இருந்த பையன் ஒயரைப் புடுங்கி எறிஞ்சான், கீழ வுழுந்து தப்பிச்சேன். அப்பறம் பாத்தா உள்ள பொகை."

"ஈரத்துல ஏனுங்க உக்காந்தீங்க? ரப்பர் செருப்பு போட்டிருந்தீங்களா?"

"ஏனுங்மா, இத்தனை வருசமா ஈரத்துலதான் வேலை."

"லைன்ல கரன்ட் ஏத்தமா வந்திருக்கும்."

அவர் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இத்தனை மெஷினு குடுத்தீங்க, ஒண்ணுகூட இப்பிடிப் பண்ணலீங்க. இதை மட்டும் யாருகிட்டக் குடுத்துப் பண்ணுனீங்க?"

மெஷினை உள்ளே எடுத்து வைத்தேன். அவர் போய்விட்டார்.

ஜூலை 17

கம்பி மோசம். எழுதி வைக்கிறேன். கம்பி மோசம்.

ஜூலை 20

முதல் பஸ்ஸிலேயே போய், கிடங்கு திறக்கும்போதே உள்ளே உட்கார்ந்துகொண்டேன். பாய் டீ வாங்கிக் கொடுத்தார், குடிக்கவில்லை. "இன்னிக்கு என்னக்கா காலங்காத்தால?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தார். "யாருக்கும் பேச வேண்டாம் பாய்," என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

சென்னியப்பன் ஸ்கூட்டரில் வந்தான். காலடியில் மூட்டை. பையன்களிடம் கொடுத்தனுப்பவில்லை, அவனே கொண்டுவருகிறான். தலை நன்றாக நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தவும் தெரியாமல், திருப்பவும் தெரியாமல் நின்றான்.

"அக்கா."

"மூட்டையை எறக்கு."

இறக்கினான். ஒரு கிரைண்டரை எடுத்துக் கியர் பாக்ஸ் ஓரத்தை முகர்ந்தேன். "எறியற மெஷினுக்குக் கிரீஸ் எதுக்குடா?"

தலையைக் குனிந்துகொண்டான். "மூடறப்பக் கை தானாப் போயிருச்சுக்கா."

"புது ஆர்மேச்சரைப் போட்டுக் கெட்டுப்போன கார்பனைச் செருகறே. நான் கண்டுபுடிச்சு, உன்னைய முட்டாள்னு திட்டிட்டு, சந்தோசமாச் சோறு திங்கோணும். அப்பிடித்தானே?"

"நீ சும்மா உக்காந்திருந்தா செத்துப்போயிருவேக்கா. குடுத்தா வாங்கமாட்டே. நான் வேற என்ன பண்றது?"

"கம்பெனிக்காரன் சர்டிஃபிகேட் கேட்டான்னு சொன்னியே?"

"கம்பெனி ஒண்ணுமே சொல்லலை." அவன் குரல் கீழே போயிற்று. "நீ சுத்துன மெஷினு திரும்பித் திரும்பி வந்துச்சு. கடைசியா ஒருத்தருக்கு ஷாக் அடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனாரு. நான் போய்க் கால்ல விழாத கொறை. அதை உன்றகிட்ட எப்பிடிச் சொல்றது? கண்ணைக் காட்டலாம் வான்னா, என்ற கண்ணுக்கு என்னடான்னு சண்டைக்கு வந்தே."

"என்ற கண்ணுக்கு என்ன?"

பாய் தரையைப் பார்த்தார்.

பிறகு பாய்தான், "பாசத்துல செஞ்சதுக்கா. மனசுல வெச்சுக்காதீங்க," என்றார்.

பேச்சி விடவில்லை. "எனக்கும் ஒரு தம்பி இருக்கான். குடிக்கக் காசு கேக்க மட்டுந்தான் அக்காங்கிற மொறையே அவனுக்கு ஞாபகம் வரும். ஒங்களுக்கு மெஷினு மெஷினா வருது, அது வலிக்குதாக்கும்!"

"வலிக்குது. சம்மட்டியைக் குடு."

கிரைண்டரைக் கல்லின் மேல் வைத்து அடித்தேன். அலுமினியத் தலை பிளந்தது. உள்ளேயிருந்து மஞ்சள் கிரீஸ் பிதுங்கியது.

"அக்கா, நல்ல மெஷின்க்கா அது!" என்று கத்தினான்.

"தேறாதுன்னு எழுதி ஒட்டுனது நீதானே?"

அடுத்ததை எடுத்தேன். அதற்கும் அடுத்ததை. மூட்டை தீரும்வரை அடித்தேன். ஒரு அடி என் கட்டைவிரலில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

நான் மூச்சு வாங்க நின்றபோது சென்னியப்பன் பக்கத்தில் வந்தான். "சரிக்கா. நீ சொன்னதுதான் சரி. போதுமா? வா, வீட்டுக்குப் போலாம்."

"எது சரி?"

அவன் குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். போன சித்திரையிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை. அதற்கும் கிரீஸ் வைத்துத்தான் கொடுத்தான்.

ஜூலை 21

கட்டைவிரல் வீங்கிவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டேன். பேனா பிடிக்க முடியவில்லை.

ஜூலை 25

செல்லாண்டி வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். அலமாரியில் இருந்த கிரைண்டர்களில் ஒன்றை எரிந்துபோனதற்குப் பதிலாகக் கொடுத்தேன். வாங்கத் தயங்கினார்.

"இது யாரு பண்ணுனதுங்க?"

"என்ற தம்பி," என்றேன்.

உடனே வாங்கிக்கொண்டார். நான் கம்பி சுற்றாத மெஷின் என்பதால் நானும் தைரியமாகக் கொடுத்தேன். அவர் மனைவி காபி கொடுத்தார். சர்க்கரை அதிகம்.

ஜூலை 29

மிச்சமிருந்த மெஷின்களைப் பாயின் கிடங்கில் இறக்கிவிட்டேன். என்ன செய்ய என்று கேட்டார். உங்களிடம் கொடுத்தவனிடம் கேளுங்கள் என்றேன். பேச்சி எனக்கு உட்காரக் கல்லைத் துடைத்துவிட்டாள். அவள் அப்படியெல்லாம் செய்கிறவள் இல்லை. உட்காரவில்லை.

ஓரத்தில் மூட்டை எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்கு. வீட்டுக்காரர் குடும்பம் பேரூருக்கு ஆற்றங்கரைக்குப் போய்விட்டது. வீடு அமைதியாக இருந்தது.

செல்லாண்டிக்கு ஷாக் அடித்த மெஷின் மேசையில் இருக்கிறது. கம்பியை உருவி, பேப்பர் மாற்றி, முதலிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் இன்னும் சரியாக மடங்கவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. சென்னியப்பன். கையில் பழமோ பையோ இல்லை, வெறுங்கை. நான் வா என்று சொல்லவில்லை. அவன் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான்.

நான் சுற்றினேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கடை எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கண்ணைப் பற்றி அவன் பேசவில்லை. ஒரு முனையைப் பள்ளத்தில் விடுவதற்கு ரொம்ப நேரமாயிற்று. நகம் வழுக்கிக்கொண்டே போனது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குப் பொறுக்கவில்லை.

"எடதுபக்கம்க்கா."

"தெரியும்."

"அது பக்கத்துப் பள்ளம்."

"தெரியும்டா."

கம்பி அறுந்தது. கீழே விழுந்த முனையை இருவரும் தேடினோம். அவன் எடுத்துக் கொடுத்தான்.

"ஓடாதுக்கா இது," என்றான். கேலியாக இல்லை. என் கையில் இருக்கிற ஒரு மெஷினைப் பற்றி அவன் மறைக்காமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"ஓடலைன்னா பிரிச்சுட்டு மறுபடி சுத்துவேன்."

"அப்பவும் ஓடலைன்னா?"

"யாருக்கும் விக்கமாட்டேன். போதுமா?"

அறுந்த இடத்திலிருந்து மறுபடி சுற்றினேன். வெயில் படியைத் தாண்டி உள்ளே வந்தது. சுற்றியவரைக்கும் சீரிஸ் லைட்டைக் கோர்த்தேன். பல்பு எரிகிறதா என்று அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எரிகிறது. கம்பி வெட்டும் கட்டரை எடுத்துச் சுற்றியதை வெட்டிவிட்டேன்.

"தண்ணி குடுக்கா," என்றான். பிறகு, கையை நீட்டி, "அதையும் குடு. நான் சுத்தறேன்," என்றான்.

தண்ணீர் கொடுத்தேன். ஆர்மேச்சரைக் கொடுக்கவில்லை.